மாப்பிள்ளை கொண்டுவந்த வெந்நீர்ப் பெட்டி

கடல் கடந்து பொருள் ஈட்டச் சென்ற நம்மவர் ஊர் திரும்பும்போது வெறுங்கையோடு திரும்புவதில்லை. அது நம் வழக்கம். முன்னாளில் சேலையும், வாசனைச் சோப்பும், தைலப் புட்டியும், டிரான்சிஸ்டர் வானொலியும் பெட்டியில் வந்தன. இந்நாளில் பெட்டியைத் திறந்தால் மின்சாரப் பொருள்களே மிகுதியாகக் காணப்படுகின்றன. அவையும் சமையலறையோடு நின்றுவிடாமல் குளியலறைக்குள்ளும் புகத் தொடங்கியுள்ளன. ஷவரோடு இணைந்த உடனடி வெந்நீர்க் கருவி, விளக்குப் பொருத்திய நிலைக்கண்ணாடி, துண்டு உலர்த்தும் சூட்டுக் கம்பி, ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறி என்று அவற்றின் வரிசை நீள்கிறது. இவை அழகானவை, அன்போடு வருபவை. ஆயினும், தண்ணீரும் மின்சாரமும் ஒரே சுவரில் சந்திக்கும் இடத்துக்கு இவை வருகின்றன என்பதை நாம் மறத்தலாகாது. இது குறித்து எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு செய்தியையும், அதன்பொருட்டு நாங்கள் விசாரித்து அறிந்தவற்றையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் பூர்வீகம் கோபிநத்தம். மாதேசுவரன் மலையைக் கடந்து, பாலாற்றைத் தாண்டி, காவிரியை நோக்கிச் செல்லும் காட்டு வழியில் உள்ள சிற்றூர். ஊரின் பெயரைச் சொன்னதும் அயலார் காட்டையும் துப்பாக்கியையும் நினைக்கின்றனர். எங்கள் நினைவுக்கு வருவனவோ காவிரிக் காற்றும், கேழ்வரகுக் களியும், மாரியம்மன் திருவிழாவுமே. கொள்ளேகால் வட்டம் முழுவதும் ஒரு காலத்தில் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள், மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, அது மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. மைசூர் மாவட்டத்தின் கீழ் இருந்துவந்த எங்கள் பகுதி 1997ஆம் ஆண்டு முதல் சாமராசநகர் மாவட்டம் ஆயிற்று. வீட்டுத் திண்ணையை விட்டு ஓரடியும் எடுத்து வைக்காத எங்கள் பாட்டனார் ஒரே இரவில் வேற்று மாநிலத்தவர் ஆனார். எல்லைக் கோட்டுக்கு இப்பால் ஒரு நியதி, அப்பால் வேறொரு நியதி என்னும் உண்மையை எங்கள் ஊரார்க்கு எவரும் புத்தகம் வைத்துக் கற்பிக்க வேண்டியதில்லை.

மின்சாரமும் எங்கள் வட்டாரத்துக்குப் புதியதன்று. காவிரி இரண்டாகப் பிரிந்து வீழும் சிவசமுத்திரத்தில் 1902ஆம் ஆண்டிலேயே மின் உற்பத்தி தொடங்கிவிட்டது. அங்கிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து, கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுசென்றனர். பூமிக்கு அடியில் அந்த மின்சாரத்தின் துணையோடு உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர்களே. 1905இல் பெங்களூருக்கும் அது சென்றது. அருவிக்கு அருகிலிருந்த சிற்றூர்கள் மட்டும் இன்னும் பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கிலேயே காலம் கழித்தன. அதனால்தான் எங்கள் ஊர்ப் பெரியோர் மின்சாரத்தை இன்றும் ஒரு விருந்தாளியைப் போலவே நடத்துகின்றனர். அதனோடு உரிமையாகப் பழகும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

நிற்க. இரயில்வேயில் எழுத்தர் வேலை காரணமாக நாங்கள் மைசூரில் குடியிருக்கிறோம். அன்னையார் மட்டும் ஊர் வீட்டைவிட்டு வர மறுத்து, கோபிநத்தத்திலேயே இருந்து வருகிறார். அவருக்கு மூட்டுவலி. மார்கழி, தை மாதங்களில் மலைக்காற்று வீசும்போது வெந்நீர் இன்றிக் குளிக்க இயலாது. விறகடுப்பில் தவலை வைத்துக் காய்ச்சுவதே வழக்கம். சுற்றியுள்ள காடு 1987 முதல் காவிரி வனவிலங்குச் சரணாலயமாக இருப்பதால் விறகு பொறுக்குவது முன்போல் எளிதன்று. அதைவிடப் பெரிய கவலை, கொதிக்கும் நீரை அடுப்பிலிருந்து குளியலறைக்குச் சுமந்து செல்வது. ஈரத் தரையில் அந்த முதிய கால்கள் ஒரு முறை வழுக்கினால் என்ன ஆகும் என்று எண்ணி, மைசூரில் நாங்கள் உறங்காத இரவுகள் பல.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளை ஊருக்கு வந்தார். அவர் எங்கள் தங்கையின் கணவர்; மலேசியாவில், கிள்ளானில் வேலை பார்க்கிறார். மாமியார் வெந்நீருக்குப் படும் துன்பத்தைத் தொலைபேசியில் கேட்டு மனம் இளகி, அங்கே வீடுதோறும் காணப்படும் உடனடி ஷவர் ஹீட்டர் ஒன்றைத் துணிகளுக்கிடையே பத்திரமாகப் பொதிந்து எடுத்து வந்திருந்தார். வெள்ளை நிறம், ஓர் அகராதியின் அளவு, திருகினால் சூடு கூடும், குறையும். அன்னையார் அதனைக் கண்டு அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அண்டை வீட்டார் எல்லாரும் வந்து பார்த்துச் சென்றனர். மறுநாளே சுவரில் மாட்டிவிட வேண்டும் என்பது அனைவரின் ஆசை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று ஒரு பழமொழி உண்டு. மாடு என்றால் சரி. மின்சாரக் கருவியைப் பொறுத்தவரையில் பல்லையும் பார்க்க வேண்டும், கொம்பையும் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆகவே, மாட்டுவதற்கு முன் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்துக் காட்டிவிடலாம் என்றோம். அன்னையாரின் முகம் வாடிற்று. தனியே அழைத்து, “மாப்பிள்ளை ஆசை ஆசையாத் தூக்கிட்டு வந்தது, கண்ணு. அட்டைப் பெட்டியிலேயே கிடந்தா அவரு மனசு என்ன பாடுபடும்? உன் தங்கச்சி முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?” என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒரு பக்கம் உறவின் மரியாதை. மறுபக்கம் அந்த அன்னையாரின் உயிரே. இரண்டில் எதையும் இழக்க எங்களுக்கு மனம் இல்லை.

இரயில்வேயில் வேலை பார்ப்போர்க்கு இதனை விளக்க ஒரு நல்ல உவமை உண்டு. மைசூர்ப் பாதை முன்பு மீட்டர் கேஜாக இருந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர். இன்று அது அகலப் பாதை. இடைவெளி 1,676 மில்லிமீட்டர். மீட்டர் கேஜ் வண்டி எவ்வளவு சிறந்த வண்டியாயினும் அகலப் பாதையில் ஓடாது. அது வண்டியின் குற்றமும் அன்று, பாதையின் குற்றமும் அன்று. மைசூரில் 1979 முதல் உள்ள இரயில் அருங்காட்சியகத்துக்குச் செல்லும் சிறுவர்களும் இதனை எளிதில் அறிந்துகொள்கின்றனர். மின்சாரக் கருவிகளின் நிலையும் இத்தகையதே. ஒரு நாட்டின் கருவி அந்நாட்டின் கம்பிக்கும், அந்நாட்டின் தண்ணீருக்கும், அந்நாட்டின் சட்டத்துக்கும் ஏற்பச் செய்யப்படுகிறது. தண்டவாளத்தின் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. கம்பிக்குள் இருக்கும் வேறுபாடு தெரிவதில்லை. அபாயம் அங்கேதான் இருக்கிறது.

சில வேறுபாடுகள் வெளிப்படையானவை. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட்; நம் நாட்டில் 230 வோல்ட். அங்கே 120 வோல்ட்டுக்குச் செய்த ஒரு சூட்டுக் கம்பியை இங்கே செருகினால், அது இரு மடங்கு சூடாகும் என்றே பலர் எண்ணுவர். உண்மையில் மின்னழுத்தம் இரு மடங்கானால் வெப்பத்திறன் நான்கு மடங்காகும். கணக்கிட்டுப் பார்த்தால் 1,000 வாட் கருவி ஏறத்தாழ 3,670 வாட்டுக்கு உயரும். சில நொடிகளில் அது எரிந்து போகும். உடன் எது எரியும் என்று சொல்ல இயலாது. சுவரில் திருகும் குழாய் மரையும் வேறு. இந்தியா, மலேசியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் வழங்கும் அரை அங்குலக் குழாய் மரையிலும், அமெரிக்க மரையிலும் அங்குலத்துக்கு 14 சுற்றுகளே உள்ளன. ஆயினும் முன்னதன் கோணம் 55 பாகை. பின்னதன் கோணம் 60 பாகை. கையால் திருகும்போது பொருந்துவதுபோல் தோன்றும். பிறகு நீர் கசியும். மின்கருவிக்கு மேலே நீர் கசிவது எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளையின் கருவியில் இந்தத் தொல்லைகள் இல்லை. அதன் தகட்டில் 220 முதல் 240 வோல்ட், 50 சைக்கிள், 3.6 கிலோவாட் என்று பொறித்திருந்தது. மலேசியாவின் தர நிறுவனமாகிய சிரிமின் முத்திரையும் ஒட்டப்பட்டிருந்தது. “வோல்ட்டு ஒன்றுதானே, மச்சான்! அப்புறம் என்ன?” என்றார் மாப்பிள்ளை. நியாயமான கேள்வி. கொள்ளேகாலிலிருந்து வந்த மின்பணியாளர், வயதிலும் அனுபவத்திலும் பெரியவர், அதற்கு விடை கூறினார். அவர் கூறியவற்றை அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறோம்.

முதலில் அவர் பார்த்தது கருவியை அன்று. எங்கள் வீட்டு எர்த்தை. மூன்று துளைச் சாக்கெட்டு இருந்தது; பச்சைக் கம்பியும் இருந்தது. அது சென்று சேரும் குழாயோ பாறை மண்ணில் ஆழமின்றிப் புதைந்து, ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்தது. அளவுக் கருவியை வைத்துப் பார்த்தபோது 40 ஓம் என்று காட்டிற்று. “விளக்கு எரிவதனால் எர்த் இருக்கிறது என்று பொருள் இல்லை” என்று அவர் சொன்னார். பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். கருவிக்குள் ஒரு கம்பி பழுதுபட்டு, 230 வோல்ட் அதன் உலோக உடலைத் தொடுகிறது என்று கொள்வோம். 40 ஓம் வழியே நிலத்துக்குள் பாயும் மின்னோட்டம் ஆறு ஆம்பியருக்கும் குறைவு. வீட்டிலுள்ள 16 ஆம்பியர் எம்.சி.பி. இதனைச் சாதாரணப் பளுவாகவே கருதும், விழாது. கருவி இயங்கிக்கொண்டே இருக்கும். குழாயிலும் நீரிலும் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். ஈர உடம்போடு தரையில் நிற்பவருக்கு 30 மில்லியாம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூறில் மூன்று பங்கு, சற்று நேரம் உடலினூடே பாய்ந்தாலே இருதயம் நிலைகுலையக்கூடும். ஆறு ஆம்பியர் எங்கே, இது எங்கே!

“மலேசியாவில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?” என்று கேட்டோம். அதற்கு மாப்பிள்ளையே விடை தந்தார். அங்கே இத்தகைய கருவியைத் தகுதி பெற்ற பணியாளரே பொருத்துவார்; பெட்டியில் தனியாக ஒரு காவற்கருவி இருக்கும்; அதன் பொத்தானை அழுத்திச் சோதிப்பது அவர் வீட்டுப் பழக்கம். பின்னர் நாங்கள் விசாரித்தபோது முழுச் செய்தியும் தெரிந்தது. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள், தரை ஈரமாகும் இடங்களில் 10 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் காவற்கருவி வேண்டும் என்கின்றன. சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புதிய வீடுகளில் கசிவுக் காவற்கருவி கட்டாயம். பழைய வீடுகளும் 2025 ஜூலை 1ஆம் நாளுக்குள் அதனைப் பொருத்திவிட வேண்டும் என்று விதித்தனர். அந்த வெள்ளைப் பெட்டி இந்த ஏற்பாடுகளை எல்லாம் நம்பித் தொழில் செய்யும் ஒரு பெட்டி. நாம் பெட்டியை மட்டும் கொண்டுவந்துவிட்டு, ஏற்பாடுகளை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம்.

மேனாடுகளில் இன்னும் நுணுக்கமான முறைகள் உள்ளன. குளியலறையையே வட்டாரங்களாகப் பிரித்திருக்கின்றனர். தொட்டியின் உட்புறம் முதல் எல்லை. அங்கே 12 வோல்ட்டுக்கு மேற்பட்ட மாறுமின்சாரத்துக்கு இடமில்லை. தொட்டிக்கு மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை அடுத்த எல்லை. அதற்கு அப்பால் 60 சென்டிமீட்டர் அகலம் மற்றோர் எல்லை. ஒவ்வோர் எல்லைக்கும் எத்தகைய கருவி தகும் என்பதற்கு ஐ.பி. என்று ஓர் எண் உண்டு. அதன் இரண்டாம் இலக்கம் தண்ணீரைக் குறிப்பது. 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் நீரில் சற்று நேரம் மூழ்கினும் தாங்கும். இங்கிலாந்தில் குளியல் தொட்டி அருகே சாதாரணச் சாக்கெட்டு வைக்க அனுமதி இல்லை; சவரக் கருவிக்கு மட்டும் தனி மின்மாற்றியோடு கூடிய சாக்கெட்டு உண்டு. நம் வீடுகளிலோ, வாளிக்கு மேலே கைக்கெட்டும் தூரத்தில் சாக்கெட்டு வைத்து, அதில் ஹீட்டர் கம்பியைத் தொங்கவிட்டு, நீர் சூடாயிற்றா என்று விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை.

நம் நாட்டில் விதிகளே இல்லை என்று எண்ணிவிட வேண்டா. இந்தியத் தர நிறுவனம் 1947இல் தோன்றி, 1987 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக விளங்கி வருகிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை அதனுடையது. தண்ணீரைச் சேமித்துச் சூடாக்கும் கீசருக்கு ஐ.எஸ். 2082 என்னும் தரநூல் உள்ளது. உடனடி ஹீட்டருக்கு ஐ.எஸ். 8978, வாளியில் அமிழ்த்தும் கம்பிக்கு ஐ.எஸ். 368, எர்த் அமைப்பதற்கு ஐ.எஸ். 3043, கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவிக்கு ஐ.எஸ். 12640. வீட்டு மின்கருவிகள் பலவற்றுக்கு இம்முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணையை 2003இல் மத்திய அரசு வெளியிட்டது. முத்திரையின் மேலே தரநூலின் எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் என்னும் கைப்பேசிச் செயலியில் இட்டால், அது மெய்யான உரிமமா என்பது உடனே தெரிந்துவிடும். வெளிநாட்டு முத்திரை எவ்வளவு உயர்ந்ததாயினும், அது நம் முத்திரைக்கு ஈடாகாது. அங்கு அது கடவுச்சீட்டு. இங்கு நமக்கு வேண்டியது குடும்ப அட்டை.

எர்த்தோடு தொல்லை முடியவில்லை. மின்பணியாளர் தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். அது ஷவரிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தது. அந்த உயரத்துக்கு உண்டாகும் நீரழுத்தம் ஏறத்தாழ 20 கிலோ பாஸ்கல். மாப்பிள்ளையின் கருவியோ குறைந்தது 30 கிலோ பாஸ்கல் வேண்டும் என்று தகட்டிலேயே கேட்டது. அழுத்தம் போதாவிட்டால் உள்ளிருக்கும் நீரோட்டச் சுவிட்சு விழிக்காது, வெந்நீர் வராது. மேலும், மாலையிலும் விடியலிலும் ஊரில் மின்னழுத்தம் 180 வோல்ட் வரை இறங்குவது உண்டு. அப்பொழுது 3.6 கிலோவாட் கருவி இரண்டு கிலோவாட் அளவுக்கே வேலை செய்யும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் நீர் ஓடினால் 14 பாகைதான் சூடேறும். தை மாதத்து 18 பாகை நீர் 32 பாகை ஆகும். அஃது உடல் சூட்டினும் குறைவு. குளிருக்கு அஞ்சும் முதியவர்க்கு அதனால் என்ன பயன்? முழு மின்னழுத்தம் வந்தாலோ 15 ஆம்பியர் இழுக்கும். எங்கள் வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட பளுவோ ஒரே கிலோவாட். மெல்லிய பழைய கம்பி அதனைத் தாங்காது, சுவருக்குள்ளேயே சூடேறும்.

இவ்வளவையும் கேட்டபின் கூடத்தில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. முதலில் பேசியவர் மாப்பிள்ளை. “மச்சான், நான் அத்தைக்கு வெந்நீர் கொண்டு வந்தேனே தவிர, பெட்டி கொண்டு வரவில்லை. வெந்நீர் எப்படி வந்தால் என்ன?” என்றார். பெருந்தன்மையான சொல். பிறகு அவரே ஒரு வழியும் கூறினார். வெந்நீர்ப் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய்க் கிள்ளானில் தம் வீட்டிலேயே மாட்டிக்கொள்வதாகவும், இங்கே அதற்கு ஈடாக வீட்டின் எர்த்துக்கும் காவற்கருவிக்கும் ஆகும் செலவைத் தாமே ஏற்பதாகவும் சொன்னார். கீசரை நாங்கள் வாங்குவது என்று முடிவாயிற்று. அன்னையாருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. மண்ணுக்குள் புதைக்கும் குழாயையும், பெட்டிக்குள் மறைந்து கிடக்கும் சுவிட்சையும் மாப்பிள்ளையின் சீர் என்று அண்டை வீட்டாரிடம் எப்படிக் காட்டுவது என்பது அவர் கவலை.

வேலை இரண்டு நாளில் முடிந்தது. கொல்லைப்புறத்தில் ஈரம் தங்கும் இடம் பார்த்து ஆழமாகக் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் இரும்புக் குழாயை நிறுத்தி, கரியும் உப்பும் அடுக்கி மூடினர். அளவு 40 ஓமிலிருந்து 6 ஓமுக்கு இறங்கிற்று. அதனோடு நிறுத்தாமல், 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மீட்டருக்கு அடுத்து வைத்தனர். மின் வழங்கும் நிறுவனத்தில் விண்ணப்பித்துப் பளுவை மூன்று கிலோவாட்டாக உயர்த்திக்கொண்டோம். கீசருக்கெனத் தனியே செம்புக் கம்பி இழுத்து, இரு முனைகளையும் ஒருங்கே துண்டிக்கும் சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே பொருத்தினர். 15 லிட்டர் கொள்ளும், இரண்டு கிலோவாட் கீசர் அது. இழுப்பது ஒன்பது ஆம்பியருக்கும் குறைவு. முழு மின்னழுத்தத்தில் 18 நிமிடத்தில் நீர் 35 பாகை சூடேறுகிறது. மின்னழுத்தம் இறங்கினால் அரை மணி ஆகும்; எவ்வாறாயினும் சூடேறும். நீரோட்டத்தின் விசைக்காக அது காத்திருப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதி என்பதால், ஆண்டுக்கொரு முறை உள்ளே படியும் சுண்ணத்தை நீக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கின்றனர்.

அன்னையாருக்கு இரண்டு வேலைகள் கற்பித்தோம். குளிக்கப் புகுமுன் வெளிச் சுவிட்சை அணைத்துவிடுவது ஒன்று. மாதம் ஒரு முறை ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது மற்றொன்று. அமாவாசை அன்று அழுத்துவது என்று அவரே நாள் குறித்துக்கொண்டார். முதல் அமாவாசையன்று பொத்தானை அழுத்தியதும் வீடு முழுவதும் ‘டக்’ என்று இருண்டதைக் கண்டு அஞ்சிய அவர், இன்று அண்டை வீட்டுப் பெண்களை அழைத்து, “எங்க மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த காவல்காரன் இது. கண்ணை மூடாம நிக்கிறான் பாருங்க” என்று அழுத்திக் காட்டுகிறார். சீரைக் காட்ட அவருக்கு ஒரு வழி பிறந்துவிட்டது. அவரைப் பார்த்து எங்கள் தெருவில் மேலும் இரண்டு வீட்டார் எர்த்தைச் சோதித்துக்கொண்டனர். அவற்றுள் ஒன்றில் பச்சைக் கம்பி எங்கும் இணைக்கப்படாமலே சுவருக்குள் அறுந்து நின்றது தெரியவந்தது.

இவற்றிலிருந்து நம்மவர் கைக்கொள்ளத்தக்கவை சில. வெளிநாட்டில் குளியலறைப் பொருளை வாங்க எண்ணுவோர், முதலில் மின்சாரம் தேவைப்படாத பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். நல்ல குழாய், ஷவர்த் தலை, கண்ணாடி ஆகியவற்றை மரையின் அளவு பார்த்து வாங்கினால் போதும். மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவியும், 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பதாகத் தகட்டில் பொறித்த சிறு கருவியும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. நீரைச் சூடாக்கும் கருவியையும், சுவரில் நிலையாகப் பொருத்தும் கருவியையும் அது இயங்க வேண்டிய நாட்டிலேயே, அந்நாட்டு முத்திரை பார்த்து வாங்குவதே முறை. பழுதுபார்க்கவும், உதிரிப்பாகம் பெறவும் அதுவே எளிது. பிளக்கு பொருந்தவில்லை என்று மாற்றுப் பிளக்கைச் செருகி ஓட்டுவது ஆகாது. மாற்றுப் பிளக்கு துளையின் வடிவத்தை மாற்றுமேயன்றி, எர்த்தையோ மின்னழுத்தத்தையோ படைத்துத் தராது.

இங்கிருந்து அங்குச் செல்வோர்க்கும் இதுவே பொருந்தும். படிக்கவும் பணிபுரியவும் புறப்படும் பிள்ளைகளின் பெட்டியில், குளிர்நாடாயிற்றே என்று வாளி ஹீட்டர் கம்பியை வைத்து அனுப்பும் பெற்றோர் உண்டு. அந்தக் கம்பி அந்நாட்டு விடுதியின் விதிக்கு மாறாகலாம். நெருப்பு விபத்து நேர்ந்தால் காப்பீட்டாரும் கைவிரிக்கலாம். பிள்ளைக்கு ஒரு கம்பளிப் போர்வை கூடுதலாக வைத்தனுப்புவது மேல்.

ஒருவேளை எவருக்கேனும் மின்தாக்குதல் நேர்ந்துவிட்டால், பதறி ஓடிச் சென்று அவரைக் கையால் பற்றுதல் கூடாது. முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அது எட்டாத இடத்தில் இருந்தால், உலர்ந்த பலகைமேல் நின்று, உலர்ந்த மரக்கோலால் கம்பியையோ அவரையோ விலக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால் தாமதியாமல் முதலுதவி செய்து, 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். இவற்றை வீட்டில் உள்ள சிறுவர்க்கும் சொல்லி வைத்தல் நலம்.

அன்பைப் பொருளாகச் சுமந்து வருவது நம் மரபு. அது என்றும் வாழ்க. ஆயினும் கொடுப்பவர் ஊர் வீட்டின் சுவரையும், கம்பியையும், தண்ணீர்த் தொட்டியையும் விசாரித்துக்கொண்டு கொடுத்தால் அந்த அன்பு முழுமை பெறும். வாங்குவோரும், மரியாதைக்கு அஞ்சி வாய்மூடி இராமல், வீட்டு நிலையை உள்ளவாறு எழுதித் தெரிவிக்க வேண்டும். நம் சங்கத்து உறுப்பினருள் மின்பணி அறிந்தோர் பலர் உள்ளனர். விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் ஒவ்வொருவரும் இரண்டு வீடுகளின் எர்த்தைச் சோதித்து வருவது என்று உறுதி பூண்டால், அது ஒரு பெரும் தொண்டாகும். குளிர்காலம் தொடங்குமுன் அன்பர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.